பொன்னும் செய்கூலியும்

நீளத்தில் எட்டுச் சென்ரிமீற்றர் அளவு. உள்ளங்கையில் அடங்கும் பருமன். மூடியைத் திறந்தால் உள்ளே சில சிட்டிகை மூக்குத்தூளுக்கு இடம். பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்துப் பொற்கொல்லர் ஆக்கிய மூக்குத்தூட் பேழையின் பயன் என்று கூறத்தக்கது இவ்வளவே. தும்மலை வருவிக்கும் ஒரு தூளைப் பொதிந்துவைப்பதற்கு மரச்சிமிழும் போதும், தகரச்சிமிழும் போதும். ஆயினும் இச்சிறு பேழைக்கென இருபது கரட்டுக்கு மேற்பட்ட பொன் உருக்கப்பட்டது; எட்டாண்டு பயிற்சி பெற்ற கைகள் உழைத்தன; செதுக்குவோர், எனாமல் தீட்டுவோர், மணி பதிப்போர், சிற்றோவியர் எனப் பலருடைய கண்ணொளி செலவாயிற்று. மனித ஆற்றலின் உச்சங்களுள் ஒன்று, மனித விருப்பங்களுள் மிக அற்பமான ஒன்றிற்கு ஏவல் செய்தது.

இம்முரண்பாடு இரு வினாக்களை எழுப்புகின்றது. வீணான பொருளொன்றில் இடப்பட்ட உயர்ந்த உழைப்பு, அக்காரணத்தால் வீணான உழைப்பு ஆகிவிடுமா? அப்பொருளின் அழகில் ஈடுபடுபவன், அதனைத் தோற்றுவித்த சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வுக்கும் தலையசைத்தவன் ஆவானா? இவை பாரிஸ் நகரத்துப் பேழைகளுக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. வேந்தர் எடுப்பித்த மாளிகைகள், மகுடங்கள், பட்டாடைகள் அனைத்தையும் நோக்கி இவற்றை எழுப்பலாம். ஆயினும் மாளிகைக்குக் குடியிருப்பு என்ற பயன் உண்டு. ஆடைக்கு மறைப்பு என்ற பயன் உண்டு. மூக்குத்தூட் பேழைக்கு அத்தகைய சாட்டு எதுவும் இல்லை. ஆதலின் வினா இங்கே கலப்பின்றித் தோன்றுகின்றது.

பேழையின் தோற்றம்

புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவை அடைந்த பயிர். 1560 அளவில், போர்த்துக்கல் நாட்டிற் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பார் அதனை மருந்தெனக் கருதி அரசி கதரீன் டி மெடிசிக்கு அனுப்பிவைத்தார். ‘நிக்கொட்டின்’ என்ற பெயர் அவர் வழியாக வந்ததே. பதினான்காம் லூயி மன்னர் புகையிலையை வெறுத்தவர். எனினும் தமது உருவச் சிற்றோவியத்தைப் பதித்து, சுற்றிலும் வைரம் இழைத்த பேழைகளை அந்நிய நாட்டுத் தூதருக்குப் பரிசளிக்கும் வழக்கம் அவர் ஆட்சியிலேயே வேரூன்றியது. 1715 இல் அவர் மறைந்தபின் மூக்குத்தூள் உயர்குடியினரின் நடையுடை பாவனைகளுள் ஒன்றாயிற்று. 1720களிலிருந்து 1789 ஆம் ஆண்டுப் புரட்சி வரையிலான காலத்தைப் பாரிஸ் நகரத்துப் பொற்பேழைகளின் பொற்காலம் எனலாம். வேனிலுக்கு இலேசான பேழை, குளிர்காலத்துக்குக் கனத்த பேழை என மாற்றிக்கொண்டோர் இருந்தனர். 1776 இல் இறந்த கொன்ரி இளவரசர் எண்ணூறு பேழைகளை விட்டுச்சென்றார் எனக் கூறப்படும்.

இப்பேழைகளின் ஆக்கமுறை நுணுகி நோக்கத்தக்கது. பொன்னுடன் வெள்ளியைக் கூட்டினால் பசுமை சாயல் தோன்றும். செம்பைக் கூட்டினாற் செம்மை மிகும். இவ்வாறு பல நிறப் பொன்னை அருகருகே பதித்து மலரும் இலையுமாக அமைப்பது ஒரு முறை. பொற்பரப்பில் நுண்கோடுகளைச் செதுக்கி, அதன்மேல் ஒளி ஊடுருவும் எனாமலைப் படியவைப்பது மற்றொரு முறை. எனாமல் என்பது உலோக ஒட்சைட்டுக்களால் நிறமூட்டிய கண்ணாடியின் தூளே. அதனைப் பொன்மீது பரப்பிச் சூளையில் உருகவைத்தல் வேண்டும். ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு வெப்பத்தை வேண்டி நிற்பதால் ஒரே தகடு மீண்டும் மீண்டும் சூளைக்குச் செல்லும். இறுதிச் சூட்டில் நேரும் சிறு பிழை முன்னைய உழைப்பு முழுவதையும் அழித்துவிடும். மெல்லிய தகட்டின் முன்பக்கத்தில் மட்டும் எனாமல் பூசினாற் குளிரும்போது தகடு வளைந்துவிடும் என்பதனாற் பின்பக்கத்திலும் பூசுவர். அப்பூச்சை எவரும் பார்ப்பதில்லை. மூடியின் பிணைச்சலோ விளிம்புக்குள் மறைந்து கிடக்கும். தூள் சிந்தாமல் மூடி பொருந்துவதும், ஒற்றை விரலால் தள்ள அது ஓசையின்றித் திறப்பதும் அப்பிணைச்சலின் செம்மையையே பொறுத்தவை.

முத்திரை கூறுவதும் கூறாததும்

பாரிஸ் நகரத்துப் பொற்கொல்லர் ஒரு கைவினைஞர் கணமாகக் கட்டுப்பட்டு வாழ்ந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்கணத்தின் ஆசான்மாரின் தொகை முந்நூறு என வரையறுக்கப்பட்டது. பயிலுநன் ஒருவன் எட்டாண்டு பயில வேண்டும். பின்னர்க் கூலிக் கைவினைஞனாக உழைத்து, தன் திறமையைக் காட்டும் ஓர் ஆக்கத்தைக் கணத்தார் முன் வைத்து, பிணைப்பணமும் கட்டிய பின்னரே ஆசானாகலாம். அப்போது அவனுக்கென ஒரு முத்திரை பதியப்படும். முடி சூடிய அல்லிமலர், இரு சிறு புள்ளிகள், அவன் தேர்ந்த ஒரு சின்னம், அவன் பெயரின் முதலெழுத்துக்கள் ஆகியவை அம்முத்திரையின் உறுப்புக்கள். இரு புள்ளிகளும் பொன்னின் மாற்றில் அனுமதிக்கப்பட்ட சிறு குறைவைச் சுட்டுவன. ஆசானின் முத்திரையோடு வரிக்குரிய முத்திரை, கணத்தார் மாற்றுரைத்துப் பொறித்த ஆண்டெழுத்து, வரி செலுத்தியமைக்கான விடுகை முத்திரை ஆகியவையும் பேழையின் உட்புறத்திற் பொறிக்கப்பட்டன. எனவே இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின்னும் ஒரு பேழை எந்த ஆண்டில், எவருடைய பட்டறையில் ஆக்கப்பட்டது என்பதைத் துணிந்துரைக்க முடிகின்றது. 1734 இல் ஆசானாகிய ழான் டுக்ரோலே, 1752 இல் ஆசானாகிய ழான் ஜோர்ஜ், 1768 இல் ஆசானாகிய யோசெப் எற்றியென் பிளேர்சி ஆகியோரை அறிஞர் இனங்காண்பது இம்முத்திரைகளின் துணைகொண்டேயாம்.

ஆனால் முத்திரை எதனைக் கூறவந்தது என்பதனை மறத்தலாகாது. அது கலைஞனின் கையொப்பம் அன்று. பொன்னின் மாற்றுக்கு யார் பொறுப்பு என்பதற்கான சட்டச் சான்று. மாற்றுக் குறைந்தால் எவனைத் தண்டிப்பது என்று அறிவதற்காகவே ஆசானின் பெயர் கேட்கப்பட்டது. பிணைச்சலை இழைத்தவன் யார், மலரைச் செதுக்கியவன் யார், எனாமலைச் சூளையிலிட்டு விழித்திருந்தவன் யார் என்பன பற்றி முத்திரை வாய் திறப்பதில்லை. மெருகிடும் வேலையிற் பெண்கள் பலர் ஈடுபட்டனர்; அவர்கள் பெயரும் அதில் இல்லை. ஆசான் இறந்தால் அவன் கைம்பெண் பட்டறையைத் தொடர்ந்து நடத்தலாம் என்ற விதி இருந்தது. பெண்ணொருத்தி இத்தொழிலிற் பொறுப்புடையவளாகத் தோன்றியது பெரும்பாலும் அவ்வழியிலேயாகும்.

பொற்கொல்லரை வெறுமனே சுரண்டப்பட்டோர் எனக் கொள்வதும் பொருந்தாது. முந்நூறு என்ற வரையறை பொன்னின் தூய்மையைக் கண்காணிக்க உதவியது உண்மையே. ஆனால் அதுவே வாயிற்கதவுமாயிற்று. ஆசானின் மகனுக்கு அக்கதவு எளிதிற் திறந்தது. திறமையிருந்தும் உறவில்லாத கூலிக் கைவினைஞர் பலர் வாழ்நாள் முழுவதும் பிறருடைய முத்திரையின் கீழ் உழைத்து மறைந்தனர். தொழிலின் மானத்தைக் காத்த அதே விதி தொழிலாளியின் உரிமையைத் தடுத்தது. 1776 இல் அமைச்சர் தூர்கோ கணங்களை ஒழிக்க முயன்றார். சில மாதங்களுள் அவை மீண்டும் நிறுவப்பட்டன. 1791 மார்ச்சில் அவை முற்றாக நீக்கப்பட்டன. அதே ஆண்டு யூனில் நிறைவேறிய லெ சப்பெலியேச் சட்டமோ தொழிலாளர் ஒன்றுகூடி அமைப்பு நிறுவுவதையும் தடை செய்தது. கதவு உடைந்தது, கூடவே கூரையும் போயிற்று.

இரு கட்சியார்

ஆடம்பரம் பற்றிய விவாதம் இப்பேழைகளின் சமகால விவாதமே. இலண்டனில் வாழ்ந்த மருத்துவர் மன்டவில் 1714 இல் வெளியிட்ட ‘தேனீக்களின் கதை’ என்ற நூலில், தனிமனிதரின் தீக்குணங்களே பொதுநன்மைக்கு வித்தாகின்றன என வாதிட்டார். செல்வனின் வீண்பெருமை பொற்கொல்லனுக்குச் சோறாகின்றது என்பது அவ்வாதத்தின் சாரம். 1736 இல் வோல்தேர் எழுதிய ‘உலகியலாளன்’ என்ற கவிதையும் ஆடம்பரத்தை நாகரிகத்தின் துணையாகக் கண்டது. அவர் கவிதையோடு நின்றுவிடவில்லை. 1770 அளவில், ஜெனீவாவை விட்டு வெளியேறிய கைவினைஞருக்குத் தமது பேர்ணே ஊரிற் புகலிடமளித்து, கடிகாரத் தொழிலொன்றை நிறுவி, அரச சபைகளில் அதற்குச் சந்தையும் தேடிக்கொடுத்தார். ஆதலின் அவர் வாதத்தை வெறும் சொல்லலங்காரம் என ஒதுக்கிவிடுதல் இயலாது.

ஆயினும் இவ்வாதத்தின் ஓட்டை வெளிப்படையானது. பொற்கொல்லனுக்குக் கூலி வேண்டும் என்பதை அது நிறுவுகின்றதேயன்றி, பேழை வேண்டும் என்பதை நிறுவவில்லை. கிணறு தோண்டினாலும் பாலம் கட்டினாலும் அதே கூலி கிடைத்திருக்கலாம். மேலும் ஒருவனுடைய சோறு மற்றொருவனுடைய சபலத்தில் தொங்குமாயின், அச்சபலம் மாறும் நாளில் அவன் நிலை யாது? வேலை கொடுத்தான் என்பதற்காக வேலை கொடுத்தவனின் நோக்கம் தூய்மை பெற்றுவிடாது.

மறுகட்சிக்குத் தலைவர் ரூசோ. 1750 இல் வெளிவந்த அவரது முதலாவது சொற்பொழிவு, கலைகளும் விஞ்ஞானங்களும் ஒழுக்கத்தைச் சீரழித்தன என்றது. 1762 இல் வெளிவந்த ‘எமிலி’யில், தொழில்களுக்கு உலகம் தரும் மதிப்பு அவற்றின் பயனுக்கு நேர்மாறாக அமைந்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். தம் மாணவனுக்கு அவர் தேர்ந்தளித்தது தச்சுத்தொழில். பொன்முலாம் பூசும் தொழிலையும் பூத்தையல் தொழிலையும் அவர் விலக்கினார். இவ்வளவு கடுமையாகப் பேசிய ரூசோ கைவினை அறியாதவர் அல்லர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். பன்னிரண்டாம் அகவையளவில் ஜெனீவாவிற் செதுக்குத் தொழிலாளி ஒருவரிடம் பயிலுநராக விடப்பட்டவர். தோழர்கள் விளையாட்டாக அணிவதற்குச் சில பதக்கங்களைச் செதுக்கியபோது ஆசானிடம் அகப்பட்டு அடிபட்டதைத் தமது தன்வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். 1728 இல் அவர் அவ்வூரை விட்டே ஓடிப்போனார்.

இந்நிகழ்ச்சி ரூசோவின் கொள்கைக்கே ஒரு திருத்தமாக அமைகின்றது எனலாம். தோழருக்காகச் செதுக்கிய பதக்கங்களாற் பயன் ஏதும் இல்லை, கூலியும் இல்லை. ஆயினும் அச்சிறுவன் அவற்றை விரும்பிச் செய்தான். தேவையைக் கொண்டு மட்டும் தொழிலை அளப்பதாயின் அவ்விருப்பத்துக்கு இடமில்லாமற் போகும். மனிதன் எக்காலத்திலும் தேவையோடு நின்றவன் அல்லன். தண்ணீர் மொள்ளும் மட்பாண்டத்தின் கழுத்திலும் ஒரு கோடு கீறியே குயவன் அதனைச் சூளைக்கு அனுப்பினான். அக்கோட்டினால் நீர் குளிர்வதில்லை. ஆகவே பயனுக்கு மேற்பட்ட உழைப்பு என்பது செல்வரின் சபலத்தாற் பிறந்தது அன்று. அது கையின் இயல்பிலேயே உள்ளது. செல்வர் செய்தது அதனை விலைக்கு வாங்கித் தம் பெருமைக்குப் பூட்டியதே. ரூசோவின் சினம் வாங்கியவனைச் சார வேண்டியது. அது ஆக்கியவனையும் சேர்த்துச் சுட்டுவிட்டது.

கான்ற் வகுத்த வேறுபாடு

1790 இல் வெளிவந்த தமது நூலில் ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற் இச்சிக்கலை வேறொரு வழியில் அணுகினார். ஒரு மாளிகை அழகியதா என வினவினால், மக்களின் வியர்வையை வீண்பொருளிற் செலவிடும் பெரியோரின் செருக்கை ரூசோவைப் போல் ஒருவன் கண்டிக்கலாம். அக்கண்டனம் ஏற்கத்தக்கதாகவும் இருக்கலாம். ஆனால் கேட்கப்பட்ட வினா அதுவன்று என்பது அவர் கருத்து. அழகு பற்றிய தீர்ப்பு, பொருளை உடைமையாக்கும் ஆசையோ அதன் பயனோ கலவாத நோக்கிலிருந்து பிறத்தல் வேண்டும் என அவர் கொண்டார்.

இவ்வேறுபாடு தெளிவைத் தருவது. பேழை அழகியது என்று சொல்வதனால் அதன் உடைமையாளன் நல்லவன் என்று சொன்னதாகாது. அவன் தீயவன் என்று கண்டதனாற் பிணைச்சலின் செம்மை குன்றிவிடுவதுமில்லை. ஆயினும் இரு வினாக்களைப் பிரித்தறிவது வேறு. ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றையதைக் கேளாமல் நூதனசாலையை விட்டு வெளியேறுவது வேறு. பின்னையதற்குக் கான்றின் அனுமதி இருப்பதாகக் கொள்ளுதல் அவரைப் பிழைபட உணர்தலாகும். அழகை நோக்கிய கண்ணும் அநீதியை நோக்கும் கண்ணும் ஒரே மனிதனுக்கு உரியவை.

ஆங்கில அறிஞர் ரஸ்கின் 1853 இல் இவ்விரு வினாக்களையும் ஒன்றாக இணைக்க முயன்றார். மாசற்ற செம்மையை வேண்டி நிற்கும் வேலை, தொழிலாளியைக் கருவியாக்கி அவனது சுதந்திரத்தைப் பறிக்கும். பிழையோடு கூடியதாயினும் தானே சிந்தித்துச் செய்த வேலை அவனை மனிதனாக வைத்திருக்கும் என்பது அவரது கொள்கை. கடைச்சல் இயந்திரத்தின் துணையோடு ஒரே சீரான கோடுகளை ஆயிரக்கணக்கிற் கீறிய பேழைகளை நோக்கும்போது அவரது கண்டனம் பொருந்துவது போலத் தோன்றும். எவரும் காணாத பின்பக்கத்து எனாமலையும் மறைந்து கிடக்கும் பிணைச்சலையும் நோக்கும்போது அவ்வளவு உறுதியாகக் கூறுதல் இயலாது. அங்கே செம்மை கட்டளையினால் வந்ததா, தன்மானத்தினால் வந்ததா? ஒருவேளை இரண்டினாலும் வந்திருக்கலாம். அடக்குமுறையின் கீழும் ஒருவன் தன் வேலையைத் தன்னுடையதாக்கிக் கொள்ள முடியும் என்பதற்கு அது சான்றாகும். ஆனால் அவ்வாறு அவனால் முடிந்தது என்பது அடக்குமுறைக்குச் சாட்டு ஆகாது.

உருக்குகலத்தின் முன்

பொற்கொல்லரின் கணக்கில் இரு கூறுகள் தனித்தனியே எழுதப்படும். ஒன்று பொன்னின் எடைக்கு விலை, மற்றையது செய்கூலி. இப்பகுப்பிலே ஒரு தத்துவம் அடங்கியிருக்கின்றது. பேழையை உருக்கினாற் பொன் மீளும்; செய்கூலி மீளாது. பட்டறையின் தரையைக் கூட்டி, அராவிய தூளைச் சேகரித்து, கைகழுவிய நீரையும் வடித்துப் பொன்னை மீட்பது அத்தொழிலின் வழக்கம். ஓர் அணுப் பொன்னும் தவறலாகாது என்று அத்தனை கவலை. உழைத்த நாட்களை அவ்வாறு கூட்டி மீட்கும் துடைப்பம் எதுவும் இல்லை.

பதினான்காம் லூயி 1689 இலும் 1709 இலும், பதினைந்தாம் லூயி 1759 இலும் போர்ச் செலவுக்காக உயர்குடியினரின் விலையுயர்ந்த கலங்களை நாணயசாலைக்கு அனுப்புவித்தனர். பாரிஸ் பொற்கொல்லரின் ஆக்கங்களுட் பெரும்பகுதி இவ்வாறும், பின்னர்ப் புரட்சிக் காலத்திலும், பாணி மாறியபோதெல்லாமும் உருகி மறைந்தது. எனவே இன்று எஞ்சியிருக்கும் பேழை ஒவ்வொன்றும், தலைமுறைதோறும் யாரோ ஒருவர் உருக்குகலத்தின் முன் நின்று ‘பொன்னைவிடச் செய்கூலி பெரிது’ எனத் தீர்மானித்ததன் பயனாகவே எஞ்சியுள்ளது. அத்தீர்மானம் பெரும்பாலும் விலைநோக்கிலே செய்யப்பட்டிருக்கலாம். ஆயினும் அதனால் அறியப்படாத கைகளின் உழைப்பே காக்கப்பட்டது.

அரச பரிசுகளின் வரலாறு இதற்கு மாறானது. மன்னர் வழங்கிய பேழையைத் தூதர்கள் பலர் மீண்டும் பொன்வணிகரிடமே விற்றுப் பணமாக்கினர். அதே பேழை மற்றொருவருக்குப் பரிசாகச் சென்றது. பணத்தைக் கையில் வைத்தால் இலஞ்சம்; பேழையில் வைத்தால் மரியாதை. இந்நுண்மையான வேறுபாட்டைப் பேணுவதற்கு அழகு துணைபோயிற்று. 1785 இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பாரிஸை விட்டு நீங்கியபோது பதினாறாம் லூயி 408 வைரங்கள் இழைத்த தம் உருவச் சிற்றோவியத்தை அவருக்குப் பரிசளித்தார். குடியரசொன்றின் தூதர் மன்னரிடம் இத்தகைய பரிசு பெறலாமா என்ற ஐயம் எழுந்தது. அமெரிக்கக் கொங்கிரஸ் அனுமதி அளித்த பின்னரே அவர் அதனை வைத்துக்கொண்டார். அந்நிய அரசரிடம் பரிசு பெறுவதைக் கட்டுப்படுத்தும் விதி 1787 ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. மறு ஆண்டு அதுபற்றி நடந்த விவாதத்தில் இப்பரிசு நினைவுகூரப்பட்டது. அதனைத் தம் மகளுக்கு விட்டுச்சென்ற பிராங்க்ளின், வைரங்களை அணிகலனாக்கிப் பயனற்ற ஆடம்பர வழக்கத்தை நாட்டிற் புகுத்தலாகாது எனத் தம் இறுதிமுறியில் வேண்டினார். மகள் வைரங்கள் பலவற்றை விற்று ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். கொடுத்தவரின் பெருமையும் பெற்றவரின் எளிமையும் ஒருங்கே விலையாயின. பாரிஸில் அவ்வைரங்களைப் பதித்த கையின் வேலைக்குத் தந்தையின் முறியிலும் இடமில்லை. மகளின் விற்பனையிலும் இடமில்லை.

சுவாசேல் கோமகனின் பேழை இவ்வுண்மையை இன்னும் கூர்மையாக்குகின்றது. 1770–71 இல் லூயி ரூசெல் என்ற பொற்கொல்லர் அதனை ஆக்கினார். வன் பிளாரன்பெர்க் என்ற ஓவியர் கோமகனது மாளிகையின் அறைகளையும் சுவரில் தொங்கிய ஓவியங்களையும் அதன் பக்கங்களில் நுணுக்கமாகத் தீட்டினார். சித்திரத்தினுட் சித்திரமாக நகவளவில் அமைந்த அவ்வோவியங்களை இன்றும் ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். ஆனால் 1770 டிசெம்பரிலேயே கோமகன் அமைச்சர் பதவியை இழந்து நாட்டுப்புறத்துக்கு விலக்கப்பட்டார். 1772 இல் அவ்வோவியங்கள் ஏலத்திற் சென்றன. தம் செல்வம் நிலையானது என்பதைக் காட்டச் செய்த பேழை, அது நிலையாமைக்குச் சாட்சியாயிற்று. லூவர் அரண்மனையின் நெடுங்கூடமும் அப்பேழையில் தீட்டப்பட்டுள்ளது. அப்பேழையை வாங்குவதற்காக 2023 இல் லூவர் நூதனசாலை பொதுமக்களிடம் நன்கொடை கோரியது. ஒருவனுடைய சட்டைப்பையில் இருந்த கூடம், எல்லாருக்கும் உரிய கூடத்தின் உள்ளே வந்து சேர்ந்தது.

கணக்கில் வராதோர்

இதுவரை கூறியவற்றால், பேழையில் இடப்பட்ட உழைப்பை உடைமையாளனின் வீண்பெருமையிலிருந்து பிரித்து மதிக்கலாம் என்ற முடிவுக்கு வருதல் கூடும். அம்முடிவு உண்மையே, ஆனால் முழுமையானது அன்று. செய்கூலி பெற்றோரைப் பற்றியே இதுவரை பேசப்பட்டது. பேழையினுள் இருந்த தூளும் பேழையாகிய பொன்னும் எங்கிருந்து வந்தன என்ற வினா எஞ்சியிருக்கின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த புதிய பொன்னின் மிகப் பெரும்பகுதி பிரேசில் நாட்டு மினாஸ் ஜெராயிஸ் பகுதியிலிருந்து வந்தது. ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்ட அடிமைகள் அங்கே ஆற்று மணலை அரித்து அதனை எடுத்தனர். பிரான்சில் மூக்குத்தூள் அரசின் தனியுரிமைப் பண்டம். 1730 முதல் அத்தனியுரிமை வரிக்குத்தகையாளரின் கையில் இருந்தது. அவர்கள் வாங்கிய இலையிற் பெரும்பகுதி வேர்ஜீனியா, மேரிலாந்து ஆகிய இடங்களில் விளைந்து பிரித்தானியா வழியாக வந்தது. அதனை விளைவித்தோருட் பெரும்பாலோரும் அடிமைகளே. குறித்த ஒரு பேழையின் பொன் இன்ன சுரங்கத்தது என்று எவரும் சொல்ல முடியாது. உருக்குகலத்திற் பொன் தன் பிறப்பை மறந்துவிடுகின்றது. அம்மறதியே அதன் மதிப்புக்கும் ஒரு காரணம்.

பேழையின் உட்புறத்து முத்திரைகளை இவ்வறிவோடு மீண்டும் வாசித்தல் தகும். ஆசானின் பெயர் அங்கே உண்டு. அரசின் வரி உண்டு. பொன்னின் மாற்று உண்டு. கூலி பெற்று உழைத்தோரின் பெயர் இல்லை. எனினும் அவர்களது கைத்திறன் பொன்னிற் பதிந்திருப்பதனால் அவர்கள் முற்றாக மறையவில்லை. செய்கூலியே பெறாதோரின் சுவடோ எங்கும் இல்லை. மணலை அரித்த கை பொன்னில் ஒரு கீறலையும் விட்டுச்செல்லவில்லை. அழகு ஒரு சாராரின் உழைப்பைக் காட்டிய அளவுக்கு மற்றொரு சாராரின் உழைப்பை மறைத்தது. இதுவே பேழையின் மேலுள்ள ஆழ்ந்த குற்றச்சாட்டாகும். உடைமையாளனின் வீண்பெருமை அதனோடு ஒப்பிடச் சிறிது.

அவ்வாறாயின் இப்பேழைகளை என் செய்வது? அவற்றை வெறுத்து ஒதுக்கலாம் என்பாருளர். ஒதுக்குவதால் ஒருவருடைய கடனும் தீர்ந்துவிடாது. உருக்கினால் மிஞ்சுவது பொன் மட்டுமே. உழைப்புக்கு எஞ்சிய ஒரே சான்றும் அழியும். அழகொன்றே போதும் எனக் கண்ணாடிப் பெட்டியின் முன் மெய்ம்மறந்து நிற்கலாம் என்பாருமுளர். அது கோமகனின் கண்ணைக் கொண்டு பார்ப்பதாகும். அவனும் அழகை மட்டுமே கண்டான்.

மூன்றாவது வழியொன்று உண்டு. இப்பேழைகள் ஆக்கப்பட்ட முறையை நியாயப்படுத்துதல் இயலாது. ஆயினும் அவை மரபுரிமையாக வந்து சேர்ந்துவிட்டன. மரபுரிமை பெறுபவன் சொத்தோடு கடனையும் ஏற்க வேண்டும் என்பது சட்டத்துக்கு மட்டும் உரிய நெறி அன்று. பிணைச்சலின் செம்மையை வியந்து நோக்குதல் அதனை இழைத்தவனுக்குச் செலுத்தும் கடன். அக்கடனைச் செலுத்த மறுப்பது அவனை இரண்டாம் முறையும் பெயரற்றவனாக்கும். அவ்வியப்போடு நின்றுவிடாமல், முத்திரையில் இல்லாதோர் யாவர் என வினவுதல் மணலை அரித்தவனுக்கும் இலையைப் பறித்தவளுக்கும் செலுத்தும் கடன். முதலாவது கடனைச் செலுத்துவதற்குக் கூரிய கண் போதும். இரண்டாவது கடனைச் செலுத்துவதற்கு, கண்ணுக்குப் புலப்படாததையும் கணக்கில் எழுதும் நேர்மை வேண்டும்.

அந்நேர்மை கடந்த காலத்துக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு காலத்திலும் மிகச் செம்மையாக ஆக்கப்பட்ட பொருள்கள் உள்ளங்கையில் அடங்கியே வருகின்றன. ஒவ்வொன்றின் உட்புறத்திலும் யாரோ ஒருவருடைய முத்திரை பொறிக்கப்பட்டிருக்கின்றது. அம்முத்திரையை வாசித்து முடித்தபின், அதில் எழுதப்படாத செய்கூலி எவ்வளவு என்று கேட்பவனே அப்பொருளை முழுமையாகப் பார்த்தவன் ஆவான்.